என் மகனுக்கு ஊட்டிவிடாதீர்கள்

நம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், ஆசிரியர்களுக்கும், கேண்டீன் அக்காவுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகனை உங்கள் எல்லாருக்கும் தெரியும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளை. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதால் வலது கையும் காலும் இறுகியிருக்கும். அவன்மேல் நீங்கள் வைத்திருக்கும் பாசம் எனக்குத் தெரியும். ஆனாலும் போன வாரம் ஓய்வு நேரத்தில் வந்து பார்த்தபோது மனசு கனத்துப்போனது. யாரோ அவனுக்கு மீ கோரெங் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் இடது கை மேசைக்கு அடியில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இந்தக் கையில சாப்பிடக் கூடாதாம்மா" என்றான்.

சோற்றுக்கை வலது கைதான் என்று வளர்ந்தவள் நானும். ஆனால் அவனுக்குச் சோறு அள்ளும் கை இடது கைதான். தயவுசெய்து அதை யாரும் தப்பென்று சொல்லாதீர்கள். கோயில் அன்னதானத்திலும் இதையேதான் கேட்பேன்.

தன் சாப்பாட்டு டப்பாவைத் தானே திறக்க மூன்று மாதம் பழகினான். அடியில் ஈரத்துணி போட்டால் டப்பா வழுக்காது. வலது கை முஷ்டியால் அமுக்கிக்கொண்டு, இடது பெருவிரலால் மூடியின் ஓரத்தை நெம்புவான். மூடி "டப்" என்று திறக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! உட்காரும்போது கால் தொங்கினால் உடம்பு சாய்ந்து கையும் தடுமாறும். காலுக்கடியில் ஒரு சின்னப் பலகை போதும்.

மருத்துவமனையில் கைப்பயிற்சி தரும் அம்மா ஓர் அளவீட்டைப் பற்றிச் சொன்னார். 2006இல் வெளிவந்ததாம், ஐந்து நிலைகள். எந்தக் கைக்கு எவ்வளவு பலம் என்று அது பார்ப்பதில்லை. அன்றாடப் பொருள்களை இரு கைகளாலும் பிள்ளை எப்படிக் கையாளுகிறது என்றே பார்க்கும். என் மகன் மூன்றாம் நிலை. கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் கொடுத்தால், மெதுவாக என்றாலும் தானே செய்வான் என்று அர்த்தம். ஒழுங்குபடுத்திக் கொடுங்கள். அவன் வேலையை நீங்கள் செய்யாதீர்கள்.

சட்டையும் அப்படித்தான். போடும்போது வலது கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது இடது கை முதலில் வர வேண்டும். பொத்தான்களை நீங்கள் போட்டுவிட்டாலும், கடைசிப் பொத்தானை அவனுக்கு விட்டுவிடுங்கள்.

ஆசிரியரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ஓய்வு நேர மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவனை அனுப்புங்கள். ஈரத்துணியையும் பலகையையும் நான் கேண்டீனில் கொடுத்து வைக்கிறேன். வெள்ளிக்கிழமை நானே வந்து அக்காவுக்குக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அவன் அம்மா