அது என் மகளின் சொந்தச் சதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் இதய வால்வு பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: ‘பிணம் கெடாமல் இருக்கப் போடும் ரசாயனத்தில் ஊறிய சதையை நெஞ்சுக்குள் வைத்துத் தைக்கிறார்கள்.’

ஞாயிறுதோறும் என் மனைவி உங்கள் இணைப்பிதழை என் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். அம்மாவுக்குக் கண் தெரியாது. அந்த வரி வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள். எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்த எங்கள் மகளின் நெஞ்சுக்குள் இருப்பது அப்படித் தைத்த வால்வுதான். அவள் ஒன்றும் பேசவில்லை, கை மட்டும் நின்றுவிட்டது. அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

2023-ல் கோவையில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு எனக்குப் பொறுமையாக விளக்கினார். இதயத்தைச் சுற்றிப் பை மாதிரி ஓர் உறை இருக்கிறது. அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, கொழுப்பைச் சுரண்டி, விறைப்பாக விரித்து, 0.6 சதவீத குளூட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் மருந்தில் 10 நிமிஷம் வைக்கிறார்கள். பிறகு உப்புநீரில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 6 நிமிஷம், அலசுகிறார்கள். அதிலிருந்து மூன்று இதழ் வெட்டி, கெட்டுப்போன வால்வு இருந்த இடத்தில் தைக்கிறார்கள். 2007-ல் ஜப்பானில் டாக்டர் ஒசாகி தொடங்கிய முறை இது. ஊறியது யாருடைய சதையோ அல்ல, என் மகளுடையது.

மருந்தில் ஏன் வைக்க வேண்டும் என்று நானும் கேட்டேன். பச்சையாகத் தைத்தால் நாளடைவில் சுருங்கித் தடித்துவிடுமாம். இந்த மருந்து சதையில் இருக்கும் நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. எனக்கு அது உடனே புரிந்தது. என் அப்பா இந்த நீலகிரி மலையில் சீகை மரப்பட்டை உரித்து லாரி ஏற்றிவிட்டுத்தான் எங்களை வளர்த்தார். அந்தப் பட்டைச் சாறுதான் தோல் ஷாப்புகளில் தோலை அழுகாமல் காத்தது. பதப்படுத்துவது எங்கள் வீட்டில் கேவலமான காரியம் இல்லை, ஐயா.

பிணத்துக்குப் போடும் ஃபார்மலினும் இதுவும் ஒரே வகையறா என்பதை டாக்டரே மறைக்காமல் சொன்னார். ஆனால் 1960-களில் ஃபார்மலினில் வைத்த வால்வுகள் நிலைக்கவில்லை. அதனால்தான் பிரான்ஸின் டாக்டர் கார்ப்பென்டியே குளூட்டரால்டிஹைடுக்கு மாறினார். வருஷங்கள் போனால் இதிலும் சுண்ணாம்பு படியலாம் என்றும் சொல்லித்தான் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. நாளைக்கு அவள் உண்டானால் அந்த மாத்திரையால் குழந்தைக்கும் ஆபத்து. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

சரி, இறந்தவர் கொடுத்த வால்வாகவே இருக்கட்டும். அதில் என்ன அருவருப்பு? உறுப்புக்கொடை செய்தவருக்கு அரசு மரியாதை என்று 2023-ல் அறிவித்த மாநிலம் இது. அந்தச் செய்தியை உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பல வருஷமாக மனதில் கிடக்கிறது. 2009-ல் மகளுக்கு ஒன்பது வயது. தொண்டை வலி, அப்புறம் மூட்டு வீக்கம், கடைசியில் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி. அந்த நவம்பரில் மலை சரிந்து, நாற்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். ரோடு அடைபட்டு எங்களுக்கு ஊசித் தேதி தள்ளிப்போனது. நீங்கள் பெரிதாகப் போட்டது ஊட்டியில் மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகளின் படம். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு முழுப்பக்கம், டிசம்பரில் உறைபனிக்கு அரைப்பக்கம். தொண்டை வலியை அசட்டையாக விட்டால் பிள்ளையின் வால்வு போய்விடும் என்று நான் எழுதிய கடிதத்துக்கு மூலையில்கூட இடம் கிடைக்கவில்லை. அன்று நான் கோபப்படவில்லை. இந்த முறை முடியவில்லை.

நான் கேட்பது இரண்டே வரி. இந்த முறையில் நோயாளியின் சொந்தத் திசுவைத்தான் மருந்தில் வைத்து, அலசித் தைக்கிறார்கள் என்று அதே இணைப்பிதழில், அதே பக்கத்தில் போடுங்கள். வருகிற ஞாயிறும் என் மனைவி வாசிப்பாள்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற டீ ஃபேக்டரி தொழிலாளி,
கோத்தகிரி