உன் சடைக்கு ஒரு நூல்

தங்கச்சிமடம்
ஐப்பசி, ஞாயிறு மதியம்

அன்புத் தாயிக்கு அம்மா எழுதுவது,

இங்கே எல்லோரும் சுகம். வாடைக்காற்று பிடித்துவிட்டது. அப்பா மூன்று நாளாகக் கடலுக்குப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார். இந்த உறைக்குள் இருக்கிற வெள்ளை நூல் அவரிடம் வாங்கியதுதான். அது எதற்கு என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

போன வாரம் வீடியோவில் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக் காட்டினாய். "மேலே தலையோட ஒட்டிக் கிடக்குது, கீழே எலிவாலா போச்சு, கழுத்தோட வெட்டிரவாம்மா?" என்று கேட்டாய். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. உன் தலைமுடி உன்னுடையது, வெட்டினால் கோபப்பட மாட்டேன். ஆனால் ஏன் மெலிந்தது என்று தெரியாமல் வெட்டாதே. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு காரியம் செய். தலை வாரும்போது உதிர்ந்த முடியைச் சுருட்டி எறியாமல் ஒரு வெள்ளைத் தாளில் நீட்டி வை. ஒரு முனையில் கடுகை விடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி இருந்து, முடியும் முழு நீளத்துக்கு இருந்தால் அது வேரோடு வந்தது. புள்ளியே இல்லாமல் சாண் நீளத்துக்குத் துண்டு துண்டாகக் கிடந்தால் அது நடுவில் ஒடிந்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை வேரோடு உதிர்வது எல்லோருக்கும் நடப்பதுதான். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. உன்னுடையது மூன்றரை அடி நீளம் என்பதால் ஐம்பது முடி உதிர்ந்தாலே எலுமிச்சங்காய் அளவுக்கு உருண்டு, பார்க்கவே பயமாக இருக்கும். கிராப்பு வைத்த தம்பிக்கும் அதே ஐம்பது உதிரும், யார் கண்ணிலும் படாது.

ஆடி மாதம் உனக்குப் பத்து நாள் காய்ச்சல் அடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? கடுமையான காய்ச்சல் வந்தால் நிறைய முடி ஒரே சமயத்தில் வளர்வதை நிறுத்திவிடும், அது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். நீ காய்ச்சலையே மறந்திருப்பாய், தலை மறந்திருக்காது. உன்னைப் பெற்ற மூன்றாம் மாதம் எனக்கும் இப்படித்தான் கொத்துக் கொத்தாக வந்தது. நான் பயந்து அழ, அப்பத்தா என் நெற்றி ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இந்தா, குருத்து விடுதுல்ல" என்றார். பூனைமுடி போலக் குட்டையாக நின்றிருந்தது. நீயும் கண்ணாடி முன்னால் நின்று நெற்றி ஓரத்தைப் பார். அங்கே குட்டை முடி நின்றால் போனது திரும்ப வருகிறது என்று அர்த்தம்.

சரி, நூலுக்கு வருகிறேன். உறைக்குள் இரண்டு நூல் இருக்கும். பழுப்பேறியது பழையது. நீ கல்லூரிக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, தலை முழுகிக் காய்ந்த பிறகு, பிடரியில் உன் முடியை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, சுற்றளவு எடுத்து முடிச்சுப் போட்டு வைத்தேன். தையல் டப்பாவில் ஏழு வருஷமாகக் கிடந்தது. அந்த முடிச்சு வரைக்கும் நாலரை அங்குலம். நல்ல கனத்த முடி. இப்போது அதே இடத்தில் அதே நூலை நெருக்காமல் சுற்று. முடிச்சுக்குக் கிட்ட வந்தால் வேரில் ஒன்றும் குறையவில்லை, நீளத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஒரு விரல் அளவுக்கு மேல் நூல் மிஞ்சினால் வேரில் குறைந்திருக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும். நடு வகிடு முன்னை விட அகலமாகத் தெரிந்தாலும் அப்படித்தான்.

புது நூலால் பிடரியிலிருந்து கீழே சாணுக்குச் சாண் அளந்துகொண்டே வா. பிடரியில் இருந்த சுற்றளவில் பாதிக்குக் கீழே போகிற இடம் எதுவோ, அங்கே ஒரு ரப்பர் போடு. அதுவரைக்கும் வெட்டலாம் என்பதுதான் என் கருத்து. நான்கு அங்குலமோ எட்டு அங்குலமோ போகும். மற்றது எல்லாம் உன்னுடைய நல்ல முடி, அதைக் கழுத்தோடு வெட்டுவதற்கு என் மனசு ஒப்பவில்லை.

நுனி ஏன் மெலிகிறது என்றால், முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும், வருஷத்துக்கு ஆறு அங்குலம் என்று வைத்துக்கொள். உன் சடை நுனி நீ பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதின காலத்தில் தலையை விட்டு வெளியே வந்தது. ஒவ்வொரு முடிக்கும் ஆயுள் வேறு. சிலது மூன்று வருஷத்தில் உதிரும், சிலது ஆறு ஏழு வருஷம் நிற்கும். நின்றவைதான் தொடை வரைக்கும் வந்து சேருகின்றன. அப்பா கையில் இருக்கிற பழைய கயிறு மாதிரி, ஒவ்வொரு புரியும் ஒவ்வொரு இடத்தில் முடிந்து போகும், கடைசியில் இரண்டு புரி மட்டும் மிஞ்சும். அந்த இரண்டையும் ஏழு வருஷமாக வெயில், உப்பு, சீப்பு, தலையணை எல்லாம் உரசியிருக்கிறது. நுனியை வெட்டினால் முடி வேகமாக வளரும் என்று அத்தை சொல்வதை நம்பாதே, வளர்வது வேரில். ஆனால் நேர்கோடாக வெட்டின நுனி கனமாகத் தெரியும், பிளவு மேலே ஏறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் எடுத்தாலும் உனக்கு ஒரு அங்குலம் மிஞ்சும். பார்லரில் படிப்படியாக லேயர் வெட்டச் சொல்வார்கள், வேண்டாம். விரித்துப் போட்டால் அழகாக இருக்கும், சடை பின்னினால் முள்ளு முள்ளாக வெளியே நிற்கும்.

மேலே தட்டையாகக் கிடப்பதற்குப் பாதிக் காரணம் எடை. அவ்வளவு நீளம் கீழே இழுத்தால் உச்சி எப்படி எழும்பும்? மீதிப் பாதிக்குக் காரணம் எண்ணெயும் தண்ணீரும்.

எண்ணெயில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றை மாற்றச் சொல்கிறேன். தினமும் காலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பின்னித்தான் உன்னைப் பள்ளிக்கு அனுப்பினேன். உப்புக்காற்றில் முடி பறக்காமல் இருக்க அது சரி. முடி பொங்கி நிற்க வேண்டும் என்றால் அது ஆகாது. தேங்காய் எண்ணெயைத் தலை முழுகுவதற்கு முந்தின இரவு தடவு, பிடரிக்குக் கீழே நீளத்தில் நன்றாக, உச்சியில் விரல் நுனியால் கொஞ்சமாக. அது முடித்தண்டுக்குள்ளேயே இறங்கும், அதனால் தண்ணீரில் ஊறும்போது முடியின் சத்து அதிகம் கரையாது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் வைத்து ஆராய்ச்சி செய்து 2003-இல் எழுதியிருக்கிறார்கள், தேங்காய் எண்ணெய்தான் அந்த இழப்பைக் குறைத்ததாம். தம்பி போனில் படித்துக் காட்டினான். முழுகின பிறகு எண்ணெய் வேண்டாம். கண்டிஷனர் போட்டால் காதுக்குக் கீழே மட்டும் போடு.

தண்ணீர் விஷயத்தில் நீ அலட்சியமாக இருக்கிறாய். பெங்களூரில் உங்கள் வீட்டுக்கு லாரியில் வருவது போர்த் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பொங்கலுக்கு வந்தபோது நீயே சொன்னாய். அந்தச் சுண்ணாம்பு முடியிலும் படியும், முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழும், சிக்கை இழுத்தால் ஒடியும். உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் தனித்தனிக் குடத்தில் வைத்து வளர்ந்த பிள்ளை நீ. ஊற்றில் சிரட்டையால் மோந்து மோந்து குடம் நிறைக்க ஒரு மணி நேரம் ஆகும் காலத்திலும் அப்பத்தா என்ன செய்வார் தெரியுமா? முழுகுவதெல்லாம் உப்புக் கிணற்றுத் தண்ணீரில். கடைசி இரண்டு செம்பு மட்டும் நல்ல தண்ணி, பிடரியிலிருந்து நுனிக்கு மெதுவாக ஊற்றுவார். மாமா அதற்குச் சண்டை போடுவார், அப்பத்தா கேட்டதே இல்லை. நீயும் கேன் தண்ணீரில் இரண்டு மக் கடைசியாக ஊற்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மக் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து ஊற்றி, உடனே அலசிவிடு, படிந்தது கொஞ்சம் இளகும்.

சீயக்காய் அரைத்து அனுப்புகிறேன். அப்படியே தேய்க்காதே, திப்பி முடிக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வராது. வடிகஞ்சியில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, உச்சியில் மட்டும் விரலால் தேய். வழிந்து இறங்குவதே நீளத்துக்குப் போதும். செம்பருத்தி இலை கிடைத்தால் தண்ணீரில் கசக்கி, அந்த வழவழப்பான சாற்றை எடுத்துச் சேர்த்துக்கொள். அவசரத்துக்கு ஷாம்பு என்றாலும் தப்பில்லை, முடியைத் தலைமேல் குவித்து வைத்துத் துணி கசக்குவது போலக் கசக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஈர முடி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குடித்திருக்கும். அப்போது இழுத்தால் ரப்பர் போல நீண்டு, அறுந்துவிடும். பழைய வேட்டித் துணியால் ஒற்று, முறுக்காதே. அப்புறம் குனிந்து முடி முழுவதையும் முன்னால் கவிழ்த்துப் போட்டு, விரலை வேருக்குள் விட்டுத் தூக்கித் தூக்கி விட்டுக் காயவிடு. உச்சி காய்ந்த பிறகுதான் நிமிர வேண்டும். சாம்பிராணிச் சட்டிக்கு முன்னால் அப்பத்தா உன்னைக் குனிய வைத்தாரே, வாசத்தோடு இந்தக் காரியமும் நடந்தது. அங்கே ஃபேன் போதும்.

சிக்கு எடுக்கிறது உனக்குத் தெரியும் என்று நினைத்தேன், வீடியோவில் நீ உச்சியிலிருந்து சீப்பை இழுத்தாய். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. வேப்பமரத்தடியில் ஓலைப்பாயில் உன்னை உட்காரவைத்து எடுப்பேனே, அதை நினைத்துப் பார். நுனியிலிருந்து ஒரு சாண் மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் இழுப்பு வேருக்குப் போகாது. பல் அகலமான சீப்பால் கையளவு நுனியை மட்டும் வாரு. அது வழுக்கிக்கொண்டு இறங்கின பிறகு பிடியை ஒரு சாண் மேலே ஏற்று. முடிச்சு அகப்பட்டால் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கை விரலாலும் அதைப் பக்கவாட்டில் விரித்து, ஒவ்வொரு இழையாக மேல்பக்கம் உருவி எடு. அரைமணி நேரம் ஆகும். வாரத்தில் இரண்டு நாள் அந்த அரைமணி நேரம் உனக்கென்று வைத்துக்கொள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். உச்சியில் இறுக்கிக் கொண்டை போடுகிறாயே, அதை விட்டுவிடு. நான் கடல்பாசி எடுக்கப் போன பதினெட்டு வருஷமும் அப்படித்தான் போட்டேன். விரலில் துணி சுற்றி, சேலைக்கு மேல் அப்பாவின் சட்டை மாட்டி, கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் முங்குவோம், முடி அவிழ்ந்தால் பாறையில் மாட்டும் என்று முறுக்கி முறுக்கிக் கட்டுவேன். ஈரத்தோடு சாயங்காலம் வரை அந்த முறுக்கு. நாற்பது வயதுக்குள் நெற்றியின் இரண்டு ஓரமும் காலியாகிவிட்டது. ராமநாதபுரத்தில் தோல் டாக்டர் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, வருஷக்கணக்காக இழுபட்ட வேர்க்கால் திரும்ப முளைக்காதும்மா என்றார். எனக்குப் பிழைப்பு அது, வேறு வழி இல்லை. உனக்கு என்ன கட்டாயம்?

பிடரியில் தளரப் பின்னு. மூன்று காலும் பின்னி முடித்த பிறகு, கீழேயிருந்து மேலே ஒவ்வொரு காலையும் பக்கவாட்டில் லேசாக இழுத்துவிட்டால் சடை ஒன்றரை மடங்காகத் தெரியும். வாரம் ஒருமுறை வகிட்டை மாற்று, ஒரே பக்கம் படிந்த முடி எதிர்ப்பக்கம் போட்டால் தானே எழும்பி நிற்கும். வீட்டில் இருக்கும்போது இரட்டைச் சடை போடு, பாரம் பிரியும். ராத்திரி தளர்ந்த ஒற்றைப் பின்னல், ரப்பருக்குப் பதில் துணி நாடா. கல்யாணம் காட்சிக்கு சவுரி வைத்துக்கொள், தினமும் வைக்காதே, அதன் பாரம் முழுவதையும் உன் முடிதான் சுமக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் நீ சலித்துக்கொள்வாய், இருந்தாலும் சொல்கிறேன். முடி என்பது புரதம். காலையில் காபி, மத்தியானம் பிஸ்கட் என்று இருந்தால் உடம்பு முதலில் நிறுத்துவது தலைக்குப் போகிற பங்கைத்தான். முட்டை, பயறு, அங்கே மத்தி என்று விற்கிற நம்ம சாளை, முருங்கைக்கீரை, இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். சாப்பிட்டவுடன் டீ குடிக்காதே, இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஏறாது. ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிற ஃபெரிட்டின், தைராய்டு மூன்றும் பார்த்துவிடு. மாதவிலக்கு அதிகம் போகிறது என்று வைகாசியில் சொன்னாய், அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

வாசல் மல்லிகையில் அப்பா பத்துப் பதியன் போட்டிருக்கிறார். நம் ஊர்ப் பதியன் எங்கெங்கோ போய்ப் பூக்கிறது, உன் மாடியில் ஒரு தொட்டியில் பூக்காதா? தை மாதம் வரும்போது இரண்டு எடுத்துக்கொண்டு போ.

வெள்ளிக்கிழமை முழுகிக் காய்ந்த பிறகு அளந்து பார். பிடரிக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, பாதியான இடத்துக்கு ஒரு முடிச்சு, மூன்றையும் வெள்ளை நூலில் போட்டுத் தபாலில் அனுப்பு. போனில் படம் எடுத்து அனுப்பாதே, எனக்கு நூல் கைக்கு வர வேண்டும். பழையதையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடு.

அம்மா