பிள்ளை பெற்றவளின் விரல் வலியையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் முடக்குவாதம் பற்றி, அதாவது நம் எதிர்ப்புச் சக்தியே நம் மூட்டுகளைத் தாக்கும் நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மருந்து, உணவு, உடற்பயிற்சி என்று எல்லாம் இருந்தது. ஆனால் இந்த நோய் ஓர் ஆணுக்கு வந்தால் இரண்டு மூன்று பெண்களுக்கு வருகிறது என்பது மட்டும் ஒரு வரியாகக்கூட இல்லை. எதிர்ப்புச் சக்தி உடம்பின் பல பாகங்களையும் தாக்கும் லூபஸ் என்ற நோயில் இது இன்னும் மோசம், பிள்ளை பெறும் வயதில் அது வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்தான்.

என் தங்கை செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலைக்குப் போகிறவள். இரண்டாவது குழந்தை பிறந்து சில மாதத்தில் காலையில் விரல் மடங்காமல் போனது, வெயில் ஏறின பிறகுதான் கொஞ்சம் இளகும். வீட்டில் பச்சை உடம்புக்காரி பச்சைத் தண்ணீரில் கை வைத்ததால் என்றார்கள். அப்புறம் போய்ப் பார்த்த டாக்டரோ ஹார்மோன் கோளாறு, தானாகச் சரியாகிவிடும் என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். விரல் கோணிய பிறகுதான் சரியான ரத்தப் பரிசோதனையே நடந்தது, முடக்குவாதம் என்று தெரிந்தது.

ஹார்மோன் என்று அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். கர்ப்ப காலத்தில் முடக்குவாதம் பலருக்குத் தணிகிறது என்று ஃபிலிப் ஹெஞ்ச் என்ற அமெரிக்க மருத்துவர் 1938லேயே எழுதிவிட்டார், அந்த யோசனையைத் துரத்திக்கொண்டு போய்த்தான் கார்ட்டிசோன் என்ற வீக்கம் தணிக்கும் மருந்துக்காக 1950ல் நோபல் பரிசில் பங்கு வாங்கினார். பிரசவம் ஆனதும் அந்தத் தணிப்பு போய்விடுகிறது, அடங்கியிருந்த நோய் கிளம்புகிறது, சிலருக்குப் புதிதாகவே ஆரம்பிக்கிறது. லூபஸ் அப்படி இல்லை, கர்ப்பத்திலேயே கூடலாம். ஈஸ்ட்ரோஜன் நம் எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாகத் தூண்டிவிடும், ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அடக்கும். ஆனால் ஹார்மோனோடு கதை முடியவில்லை, எக்ஸ் குரோமோசோம் என்ற மரபணுத் தொகுப்பு பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று; அதில் கூடுதலாக ஒன்றோடு பிறக்கும் ஆண்களுக்கும் லூபஸ் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே ஹார்மோன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது வைத்தியம் ஆகாது. அதே ஹார்மோனுக்குப் பயந்து கருத்தடை மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். லூபஸ் அடங்கியிருக்கும் பெண்களுக்கு அதனால் நோய் கூடவில்லை என்று 2005ல் வந்த ஆய்வு சொல்கிறது. ரத்தம் எளிதில் உறைந்து கட்டிவிடும் தன்மை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆபத்து, அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள், நல்ல விஷயம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அவர்கள் இன்னும் ஒரு கேள்வி கேட்டால் என்ன? காலையில் விரல் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கிறதா, அது ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டதா? ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து போனால் அன்றைய கூலி போச்சு, விரல் நோவுக்காக யார் வருவார்கள்? சுகாதாரத் துறை இதைச் செய்கிறதோ இல்லையோ, நீங்களாவது அடுத்த வாரம் அந்தக் கேள்வியைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்