போஸ்டரில் இருப்பவரும் பக்கத்து டென்னிஸ் கோர்ட்டில் இருப்பவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், இளம் டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்கு அல்கராஸும் சின்னரும் எப்படி முன்மாதிரியாக இருக்கிறார்கள் என்று அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த முன்மாதிரி பிள்ளைகளிடம் என்ன ரூபத்தில் வந்து சேர்கிறது என்று தினமும் பார்க்கிற இடத்தில் இருப்பவன் நான். பெரியமேட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் டென்னிஸ் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங், அதாவது நரம்பு வலை, போடுகிறேன். அதனால் இந்தக் கடிதம்.

கோடை லீவு விட்டால் போதும், பத்துப் பதினோரு வயதுப் பையன் ஒருவன் அப்பாவோடு வந்து நிற்பான். "அங்கிள், ஆர்பிஎம் பிளாஸ்ட், 55 பவுண்டு." ஸ்பெயின் வீரர் நடால் ராக்கெட்டில் என்ன ஸ்ட்ரிங், எவ்வளவு இறுக்கம் என்று யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்திருப்பான். அது பாலியஸ்டர் ஸ்ட்ரிங். 1997-ல் குயெர்டன் பிரெஞ்ச் ஓபனை ஜெயித்த பிறகுதான் அந்த வகைக்கு இவ்வளவு மவுசு வந்தது. நல்ல விறைப்பான சரக்கு. ராக்கெட்டைப் பேய் வேகத்தில் வீசுகிறவனுக்கு அது பந்தைச் சுழல வைக்கும். கை இன்னும் தேறாத பையனுக்கு அதன் அதிர்வெல்லாம் நேராக முழங்கைக்குப் போகும். இதைச் சொன்னால் பையன் என்னை நம்ப மாட்டான். "ஆசைப்படுறான் சார், போட்டுடுங்க" என்பார் அப்பா. அவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, மெல்லிய இழைகள் சேர்த்துச் செய்த மிருதுவான மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங் போட்டு மிஷினை 48 பவுண்டில் நிறுத்துவேன். பையனும் வாங்கிக்கொண்டு, உள்ளங்கையில் ரெண்டு தட்டுத் தட்டி, "சூப்பர் அங்கிள், நல்லா டைட்டா இருக்கு" என்று போவான். பல வருஷமாக இந்த நாடகம் நடக்கிறது. முன்பு ஃபெடரர் பைத்தியம் இருந்த காலத்தில் 340 கிராம் ராக்கெட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். இப்போது பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு, அது என் வயிற்றெரிச்சல். 2012 ஆஸ்திரேலிய ஓபனில் பக்தாதிஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரிசையாக நாலு ராக்கெட்டைத் தரையில் அடித்து உடைத்தாரே, அந்த வீடியோ இன்றும் பிள்ளைகளின் போனில் சுற்றுகிறது. அதில் ரெண்டு ராக்கெட் உறைகூடப் பிரிக்காதவை. யாரோ ஒருவன் மிஷின் முன்னால் நின்று போட்ட ஸ்ட்ரிங் அது! அன்றைக்கு எதிர்ப்பக்கம் ஆடி ஜெயித்தவர் வாவ்ரிங்கா. சென்னை ஓபனை நாலு முறை ஜெயித்த நம்மூர்ச் செல்லப்பிள்ளை. அவர் அன்று எப்படி ஆடினார் என்று கேட்டுப்பாருங்கள், ஒரு பையனுக்கும் தெரியாது. உடைத்தவரைத் தெரியும். வீடியோ சுற்ற ஆரம்பித்தால் கொஞ்ச நாளில் ஃபிரேம் விரிசல் விட்ட ராக்கெட்டுகள் கடைக்கு வரும். "கீழே விழுந்துடுச்சு அங்கிள்." எங்கிருந்து விழுந்தது என்று நான் கேட்பதில்லை.

நடால் தன் ஆட்ட வாழ்க்கை முழுக்க ஒரு ராக்கெட்டையும் கோபத்தில் உடைத்ததில்லை. சர்வீஸ் போடுவதற்கு முன் மூக்கைத் தொட்டு, காதைத் தொட்டு அவர் செய்த சேஷ்டையையும், தண்ணீர் பாட்டிலை லேபிள் பார்த்து அடுக்கியதையும் நம் பிள்ளைகள் அச்சு அசலாகச் செய்கிறார்கள். அவர் உடைக்காமல் இருந்ததை மட்டும் ஒருவனும் பிடித்துக்கொள்ளவில்லை. எப்படிப் பிடிப்பான்? செய்யாமல் விட்டது டிவியில் தெரியாதே. நடாலுக்கே அது டிவி பார்த்து வந்ததில்லை. ராக்கெட்டை வீசினால் அந்த நிமிஷத்தோடு பயிற்சி முடிந்தது என்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்தவர் அவருடைய சித்தப்பா டோனி. கூடவே இருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டவர்.

வீட்டுக்கு வெளியே நடாலுக்கு ஒரு முன்மாதிரியும் இருந்தார், அவரும் தூரத்து ஆளில்லை. அதே மயோர்க்கா தீவுக்காரர் கார்லோஸ் மோயா. 1999-ல் உலகின் முதல் இடத்துக்குப் போனவர், பையனாக இருந்த நடாலோடு கோர்ட்டில் இறங்கிப் பயிற்சி ஆடியவர். நம்மூருக்கும் வேண்டியவர்தான். 2004, 2005 இரண்டு வருஷமும் சென்னை ஓபன் அவருடையது. சுனாமி அடித்த கையோடு நடந்த 2005 போட்டியின் பரிசுப் பணத்தை நிவாரணத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். 2008 சென்னை ஓபன் அரையிறுதியில் இந்த ரெண்டு பேரும் நுங்கம்பாக்கத்தில் மோதினார்கள். மோயாவுக்கு 31 வயது, நடாலுக்கு 21. மூன்று செட்டும் 6-6 என்று சமமாகி டை-பிரேக்கில்தான் முடிந்தன, ஏறக்குறைய நாலு மணி நேர ஆட்டம். நான் கேலரியில் இருந்தேன். ஜெயித்த நடால் துள்ளவில்லை, கத்தவில்லை. வலைக்கு வந்து, ஊர்ப் பெரியவரிடம் நிற்கிற மாதிரி நின்றார். மறுநாள் இறுதிப் போட்டியில் கால் நகராமல் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றது வேறு கதை. பின்னால் அதே மோயாவைத்தான் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார்.

கடைக்கு ஒரு சிறுமி வருகிறாள், பன்னிரண்டு வயதிருக்கும். அவளோடு அதே அகாடமியில் ஆடும் ஒரு பெரிய பெண்ணும் வருவாள். அவள் அகில இந்திய ரேங்கிங் போட்டிகளுக்கு அம்மாவோடு ஸ்லீப்பர் கோச்சில் போய் வருகிறவள். டிவியில் வந்ததில்லை, உங்கள் பேப்பரிலும் வந்ததில்லை. அந்தப் பெண் பழைய கிரிப்பைப் பிரித்ததும் பிடியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டுத்தான் புதுசு சுற்றுவாள். சிறுமியும் அப்படியே செய்கிறாள். அந்தப் பெண் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எங்கே தப்பு விட்டோம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவாள். சிறுமியிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. ஸ்ட்ரிங் தளர்ந்துவிட்டதை, போட்டு எத்தனை நாள் ஆச்சு என்று எண்ணிப் பார்க்காமல் பந்து மட்டையில் படும் சத்தத்தை வைத்துச் சொல்கிறாள். "யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்றேன். "அக்கா." அவள் படுக்கை அறைச் சுவரில் யார் படம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. கையில் வந்திருப்பதெல்லாம் இந்த அக்காவிடமிருந்து வந்தது.

சென்னை டென்னிஸே இப்படி வளர்ந்ததுதான். டி.கே. ராமநாதன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார், மகன் ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் ஜூனியர் விம்பிள்டன் ஜெயித்து, 1960, 1961-ல் பெரிய விம்பிள்டனிலும் அரையிறுதி ஆடினார். அவர் மகன் ரமேஷ் 1979-ல் அதே ஜூனியர் கோப்பையை வாங்கினார். கொல்கத்தாப் பையன் லியாண்டர் பயஸ் இங்கே அமிர்தராஜ் அகாடமிக்கு வந்து பயிற்சி எடுத்து, 1990-ல் அதையே வாங்கினார். வீட்டுக்குள் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு நுங்கம்பாக்கம் ஸ்டேடியம் இருந்தது. 2009 சென்னை ஓபன் இறுதி வரை போன சோம்தேவை, 2014-ல் அதே கோர்ட்டில் சென்னைப் பையன் ராம்குமார் ராமநாதன் முதல் சுற்றிலேயே தோற்கடித்துக் காலிறுதிக்குப் போனார். 2017-க்குப் பிறகு ஆண்களுக்கான அந்த ஏடிபி உலகத் தொடர்ப் போட்டி புனேக்குப் போய்விட்டது. 2022-லும் 2025-லும் பெண்களுக்கான உலகத் தொடர்ப் போட்டியான டபிள்யூடிஏ இங்கே நடந்தது, மகிழ்ச்சி. ஆண்களுக்கு ஏடிபிக்கு ஒரு படி கீழான சேலஞ்சர் போட்டி நடக்கிறது. 2024-ல் அதை சுமித் நாகல் ஜெயித்து உலகின் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். இந்தியன் ஒருவன் நம் கோர்ட்டில் நின்று அதைச் சாதித்த வாரம், கடைக்கு வந்த பையன்கள் பேசியதோ ஆஸ்திரேலிய ஓபனை ஜெயித்திருந்த சின்னரைப் பற்றி. அவர்களைச் சொல்லிப் பயனில்லை. அவர்கள் கண்ணில் எது படுகிறதோ அதைப் பேசுகிறார்கள்.

கண்ணில் பட வைப்பதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது ஐயா. கோவைப் பெண் மாயா ராஜேஸ்வரன் 2025 பிப்ரவரியில் மும்பை டபிள்யூடிஏ 125 போட்டியில் 15 வயதில் அரையிறுதிக்குப் போனபோது எல்லாப் பேப்பரிலும் படம் வந்தது. அந்த வாரம் கடையில் பெண்பிள்ளைகள் பேச்சே வேறு மாதிரி இருந்தது. "கோயம்புத்தூர்தானாம்" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்ன தொனியை அல்கராஸ் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. பெரிய சாதனை நடந்த பிறகு படம் போடுவதை எல்லாரும் செய்வார்கள். மாநில ஜூனியர் போட்டி முடிவுகளை, பதினாலு வயதுக்குட்பட்டோர், பதினாறு வயதுக்குட்பட்டோர் என்று ஸ்கோரோடு வாரம் ஒரு நாள் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். அல்கராஸ் படத்தை அரை அங்குலம் குறைத்தால் இடம் கிடைத்துவிடும். அடுத்த முறை நுங்கம்பாக்கத்தில் சர்வதேசப் போட்டி நடக்கும்போது, பயிற்சி கோர்ட் ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகளை நிற்கவிடும்படி போட்டி நடத்துகிறவர்களையும் உங்கள் பேப்பர் கேட்கலாம். தோற்ற மறுநாள் காலையிலும் ஒருத்தி வந்து ஒரே சர்வீஸைத் திரும்பத் திரும்பப் போடுவதை டிவி காட்டாது.

ஜூனியர் ஸ்கோர்களை எங்கே போய் வாங்குவது என்று உங்கள் நிருபர் கேட்டால் கடைக்கு அனுப்புங்கள். போட்டி வாரத்தில் ஆடுகிற பிள்ளைகள் பாதிப் பேர் என் மிஷினைச் சுற்றித்தான் நிற்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், காலையில் வந்தால் கையில் வேலை இருக்கும், பேச முடியாது.

இப்படிக்கு,
கு.மு.,
பெரியமேடு, சென்னை