குடல்ல புரதம் மாறியிருக்குன்னா அம்மா சரியா சாப்பிடலன்னு அர்த்தமா?

ஆசிரியர் சார் வணக்கம்,

உங்க மருத்துவப் பக்கத்துல ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் (பொறக்கும்போதே குடலோட கடைசிப் பகுதில நரம்பு செல் இல்லாம மலம் நகராம போறது) பத்தி வந்தத படிச்சேன், இதப் பத்தி பேப்பர்ல எழுதுறதே அபூர்வம், அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா பாதிச்ச குடல்ல புரதம் வேற மாதிரி இருக்குன்னு ஒத்த வரில முடிச்சிட்டீங்க, அதப் படிச்சிட்டு எங்க பெரியம்மா என் தங்கச்சிக்கு போன் போட்டு, மாசமா இருந்தப்போ நீ ஒழுங்கா புரோட்டீன் எடுத்துக்கல அதான் புள்ளைக்கு இப்படின்னு சொல்லிட்டாங்க. அவ அன்னிக்கு பூரா அழுதா.

தங்கச்சி பையனுக்கு பொறந்து ரெண்டு நாளாகியும் காட்டுப்பீ போகல, வயிறு உப்பி பச்சையா வாந்தி, குடல்லேர்ந்து துளி சதை எடுத்துப் பாக்குற பயாப்சி பண்ணிதான் உறுதி பண்ணாங்க. ஏறக்குறைய 5000 குழந்தைல ஒண்ணுக்கு வருமாம், ஆண் குழந்தைங்களுக்குதான் ஜாஸ்தி. கரு வளரும்போது குடலுக்கான நரம்பு செல்லுங்க மேலேர்ந்து கீழ எறங்கி 12 வாரத்துக்குள்ள ஆசனவாய் பக்கம் வந்து சேரணும், வழியிலயே நின்னுபோச்சுன்னா அதுக்குக் கீழ குடல் விரியத் தெரியாம இறுகியே கெடக்கும், மலம் நகராது, மேல இருக்குற நல்ல குடல்தான் அடச்சு வீங்கிப்போகும்.

1886ல டென்மார்க் டாக்டர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் எடுத்துச் சொன்னதும் அந்த வீங்கின குடலப் பத்திதான். பழுது அதுல இல்ல, கீழ இருக்குற நரம்பில்லாத குடல் துண்டுலதான்னு புரிஞ்சு 1948ல அமெரிக்க சர்ஜன் ஸ்வென்சன் அந்தத் துண்டை எடுத்துட்டு நல்ல குடல கீழ இழுத்துத் தைக்கிற ஆபரேஷன கொண்டுவர்ற வரைக்கும் எத்தன வருஷம் பாருங்க. கண்ணுக்குத் தெரியுற மாற்றம் வேற, காரணம் வேற, புரத விஷயமும் இதே கததான் சார்.

ஆபரேஷன்ல எடுத்த குடல்ல நரம்பு இருக்குற பகுதி, இல்லாத பகுதி ரெண்டையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல (எடைய வெச்சு புரதங்கள அடையாளம் காட்டுற மெஷின்) போட்டு எந்தப் புரதம் கூட, எது கம்மின்னு பாக்குறாங்க. நரம்பு செல்லே இல்லாத எடத்துல அது தயாரிக்கிற புரதம் எப்படி இருக்கும்? கால்ரெட்டினின்னு நரம்பு செல் புரதம் ஒண்ணு, அதக் காட்டுற சாயம் போட்டா நல்ல குடல்ல ஏறும், பாதிச்சதுல ஏறாது, பயாப்சில அத வெச்சே சொல்லிடுறாங்க. அது நோயோட அடையாளம், காரணம் இல்ல. தசைல உள்ள புரதம் மாறுறதும் நரம்பு இல்லாததால வந்த வினையா இருக்கலாம். காரணத்துக்குப் பக்கத்துல வர்றதுன்னா ரெட் (RET)ங்கிற புரதம், குடல்லேர்ந்து வர்ற சிக்னல வாங்கி நரம்பு செல்ல நகர வைக்கிறது அதுதான், நோய் வந்த சில பேருக்கு அதோட ஜீன்ல பழுது இருக்குன்னு 1994லயே கண்டுபிடிச்சிட்டாங்க. ஆனா அதே பழுது இருந்தும் நோயே இல்லாத அப்பா அம்மாவும் உண்டு. இதெல்லாம் ஜீன் சொல்றபடி செல் தானே செஞ்சுக்கிற புரதம் சார், தட்டுல வெக்கிற புரதம் இல்ல.

அடுத்த வாட்டி எழுதும்போது எத எதோட ஒப்பிட்டாங்கன்னு ஒரு வரி சேத்துடுங்க. இந்த லெட்டர போட்டீங்கன்னா கட் பண்ணி பெரியம்மாவுக்கு அனுப்பிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி