அறை வாடகையை மட்டும் பார்க்காதே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தை வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். முழங்கால் வலியோடு இத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கிறார்களே, அந்த மனசு யாருக்கு வரும்! இங்கே நாங்கள் எல்லோரும் நலம். மகள் கல்லூரிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அவள் லீவில் வரும் நாட்களில்தான் எங்களுக்குப் பேச்சே வருகிறது. இவர் பின்பக்கத் தோட்டத்தில் இறங்கிவிட்டார். சாயங்காலம் கூப்பிட்டால்தான் உள்ளே வருகிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பக்கத்தில், ஐந்து பேருக்கு, கைக்கு அடக்கமான ஹோட்டல் வேண்டும் என்கிறாய். நாங்கள் ஃப்ளோரிடாவுக்குக் குடிவந்ததிலிருந்து, சொந்தக்காரர், சிநேகிதர் என்று யார் ஆர்லாண்டோ வந்தாலும் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். எல்லோரும் வாடகையை வைத்துத்தான் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: மத்தியானம் வெயிலில் சின்னவள் அழ ஆரம்பித்தால், அவளைக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட எவ்வளவு நேரமாகும்?

அரை மணி நேரத்துக்குள் என்றால் அந்த ஹோட்டல் மலிவு. ஒன்றரை மணி நேரம் என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மலிவில்லை. ஏனென்றால் யாரும் திரும்பிப் போகமாட்டீர்கள். பூங்காவுக்குள்ளேயே ஏதாவது நிழலில் ஒதுங்கி, விற்கிற விலைக்கு வாங்கித் தின்று, எல்லோரும் எல்லோரிடமும் எரிந்து விழுந்து, ஏழு மணிக்குள் களைத்துப் போய் வெளியே வருவீர்கள். பெரிய காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் பாதி நாள் வீண். காலையில் போய், மத்தியானம் அறையில் தூங்கி, குளித்து, ஐந்து மணிக்கு மறுபடி போகிற குடும்பம்தான் இரவு வாண வேடிக்கை வரை முகம் வாடாமல் நிற்கும். அத்தை கூட வரும்போது இது இன்னும் முக்கியம்.

இங்கே ‘பக்கத்தில்’ என்று ஹோட்டல்காரர்கள் எழுதுவதை நம்பிவிடாதே. கலிஃபோர்னியாவில் 1955இல் முதல் டிஸ்னிலாந்து கட்டியபோது வால்ட் டிஸ்னி வாங்க முடிந்த நிலம் சுமார் 160 ஏக்கர்தான். பூங்கா ஓட ஆரம்பித்ததும் சுற்றிலும் மற்றவர்கள் மோட்டல் மோட்டலாகக் கட்டிவிட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் அதனால்தான் இன்றைக்கும் அந்த டிஸ்னிலாந்து இருக்கிற அனாஹைமில் ஹார்பர் புலிவார்டு சாலையில் ஒரு சாதாரண ஹோட்டலில் தங்கி, சாலையைக் கடந்து நடந்தே வாசலுக்குப் போய்விடலாம். அந்த அனுபவத்தால் ஃப்ளோரிடாவில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் ரகசியமாகச் சுமார் 27,000 ஏக்கர் வாங்கிப் போட்டார். இன்றைக்கும் டிஸ்னி வேர்ல்டின் பரப்பு ஏறக்குறைய 40 சதுர மைல். சான் பிரான்சிஸ்கோ நகரம் அளவுக்கு. ஆக, எல்லைக்கு வெளியே ‘டிஸ்னிக்கு இரண்டு மைல்’ என்று போட்டிருந்தால், அது எல்லைக்கோட்டுக்கு இரண்டு மைல் என்று வைத்துக்கொள். பூங்கா வாசல் அதற்கும் உள்ளே. ஹோட்டல் முகவரியிலிருந்து நீ போகப்போகிற பூங்காவின் பெயருக்கு வரைபடத்தில் வழி போட்டுப் பார், காலை எட்டு மணிக்கு என்று நேரமும் கொடுத்து.

டிஸ்னி வேர்ல்டில் இருக்கிற நாலு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டம் விஷயத்தில் அதுவும் போதாது. மற்ற மூன்று பூங்காக்களிலும் வண்டியை நிறுத்துகிற இடம் வாசலை ஒட்டியே இருக்கிறது. மேஜிக் கிங்டமுக்கு மட்டும் ஏரிக்கு இந்தப் பக்கம், டிக்கெட் அண்ட் டிரான்ஸ்போர்டேஷன் சென்டரில் நிறுத்த வேண்டும். அங்கே பாதுகாப்புச் சோதனை முடித்து, படகிலோ மோனோரயிலிலோ ஏறி ஏரியைத் தாண்டினால்தான் வாசல். வெளி ஹோட்டல்கள் விடுகிற ஷட்டில் வண்டிகளும் டாக்சிகளும் பெரும்பாலும் அங்கேதான் இறக்கிவிடும். டிஸ்னியின் சொந்த ஹோட்டல் பஸ்களோ நேரே வாசல் பக்கத்தில் கொண்டுபோய் விடுகின்றன. காலையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, படகுப் பயணம் பிள்ளைகளுக்குக் குஷியாகக்கூட இருக்கும். வாண வேடிக்கை முடிந்து கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் படகுத்துறைக்கு வரும்போதுதான் தெரியும். தோளில் தூங்குகிற குழந்தை, ஒரு கையில் மடக்கிய ஸ்ட்ரோலர் (குழந்தையைத் தள்ளுகிற வண்டி), மறு கையில் பெரியவனின் கை. பக்கத்தில் ‘உட்கார இடம் இருக்கா’ என்று தேடுகிற அத்தை. அதைத் தாண்டி ஷட்டில் வேறு பிடிக்க வேண்டும்.

ஷட்டில் என்றதும் இன்னொன்று. ‘இலவச ஷட்டில்’ என்ற வரியைப் பார்த்து மயங்காதே. எங்கள் உறவுக்காரர்கள் தங்கிய ஒரு ஹோட்டலில் காலையில் இரண்டே நடை, ராத்திரி திரும்ப இரண்டே நடை. நடுவில் எதுவும் கிடையாது. கடைசி வண்டியோ வாண வேடிக்கைக்கு முன்னாலேயே கிளம்பிவிடும். போன் செய்து மூன்று கேள்வி கேள்: எத்தனை மணிக்கு எத்தனை நடை, முன்பதிவு வேண்டுமா, மேஜிக் கிங்டமுக்கு எங்கே இறக்கிவிடுவீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் ஷட்டில் இல்லை என்றே கணக்கு வைத்துக்கொள்.

இனி உன் குடும்பத்துக் கணக்கு. நீங்கள் ஐந்து பேர், அதில் மூன்று பெரியவர்கள். இங்கே பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். டிஸ்னியின் மலிவு ஹோட்டல்களான ஆல்-ஸ்டார் மூன்றும் பாப் செஞ்சுரியும் சாதாரண அறையில் நாலு பேரைத்தான் அனுமதிக்கின்றன. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை தொட்டிலில் இருந்தால் மட்டும் கூடுதலாக ஒன்று. உன் சின்னவளுக்கு நாலாகிவிட்டதே. அந்த அறைகளில் ஒரு பெரிய கட்டில், அப்புறம் சுவரை ஒட்டிய மேசையைக் கீழே இறக்கினால் இன்னொரு கட்டில். ராத்திரி படுக்க மேசையை இறக்க வேண்டும், காலையில் சாப்பிட ஏற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஐந்தாவது ஆளுக்கு இடமே இல்லை. இரண்டு பெரியவர்களுக்கு மேல் போனால் ஆளுக்கு இரவுக்கு ஒரு சின்னக் கட்டணம் வேறு சேரும்.

உனக்கு இரண்டு வழி. ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டலில் ஆறு பேர் தங்குகிற குடும்ப அறைகள் உண்டு: இரண்டு குளியலறை, ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ். அழகாக இருக்கும், பிள்ளைகள் துள்ளுவார்கள். ஆனால் வாடகை கைக்கு அடக்கமில்லை. அதற்கு எதிரே, ஒரு சிறிய ஏரியின் மறு கரையில்தான் பாப் செஞ்சுரி. அங்கே உள்கதவால் சேர்ந்த இரண்டு அறைகளை எடுத்தால், பல தேதிகளில் அந்தக் குடும்ப அறையைவிட மொத்தம் குறைவாகவே வரும். இரண்டையும் ஒரே தேதிக்குப் போட்டுப் பார். இரண்டு ஹோட்டலுக்கும் ஸ்கைலைனர் நிலையம் ஒன்றேதான், நடுவில் பாலத்தின் மேல். 2019இல் வந்த அந்தக் கம்பிவடப் பெட்டிகள் எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்ற இரண்டு பூங்காக்களுக்குப் போகின்றன. பஸ்ஸில் ஸ்ட்ரோலரை மடக்கியாக வேண்டும். இதில் தூங்குகிற குழந்தையோடு அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம். அத்தைக்குப் பெட்டி முழுக்க நின்ற பிறகே ஏறுகிற தனி இடம் உண்டு, ஊழியரிடம் சொன்னால் போதும். ஒரு குறை: இடி மின்னல் என்றால் நிறுத்திவிடுவார்கள். கோடையில் மத்தியான மழை இங்கே கிட்டத்தட்ட அன்றாடம். அப்போது பஸ்தான்.

நான் உன் இடத்தில் இருந்தால் பாப் செஞ்சுரி இரட்டை அறைக்குத்தான் முதலில் போவேன். ஆனால் பதிவு செய்யும்போது இரண்டு விஷயத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கு. இந்த ஹோட்டல்கள் பெரியவை. கடைசிக் கட்டடத்தில் அறை கிடைத்தால் பஸ் நிற்கிற இடத்துக்கு நடப்பதிலேயே அத்தைக்கு அன்றைய தெம்பு போய்விடும். வரவேற்புக் கூடத்துக்குப் பக்கத்து அறைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை, கொடுத்துவிடு. குளியலறையும் அப்படித்தான். தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து இறங்குகிற மாதிரி இருந்தால் அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் பயம். தொட்டி இல்லாமல், பிடிக்கக் கம்பி இருக்கிற அறை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

வெளி ஹோட்டலோடு ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் எல்லாச் செலவையும் எழுதிப் பார். டிஸ்னி ஹோட்டலில் ரிசார்ட் கட்டணம் (வாடகைக்கு மேல் கட்டாயமாக வாங்குகிற காசு) கிடையாது. 2023 ஜனவரியிலிருந்து இரவில் கார் நிறுத்தவும் காசில்லை, பூங்காக்களிலும் பார்க்கிங் இலவசம். எல்லா நாளும் அரை மணி நேரம் முன்னாலேயே உள்ளே விடுகிறார்கள். வரிசை நீளாத அந்த அரை மணி நேரத்தை நான் ரொம்ப மதிக்கிறேன். வெளி ஹோட்டல்கள் பலவற்றில் ரிசார்ட் கட்டணம், பார்க்கிங் இரண்டும் உண்டு. 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்று அரசு விதி வந்திருப்பதால், ரிசார்ட் கட்டணம் இப்போது முன்னாலேயே தெரிந்துவிடும். வரியும் பார்க்கிங்கும் அதில் சேராமல் இருக்கலாம். அறை வரி இங்கே கவுண்டிக்குக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மாறும்: ஆரஞ்ச் கவுண்டியில் 12.5 சதவீதம், ஆஸியோலா கவுண்டியில் 13.5. இதெல்லாம் போட்ட பிறகு பட்டியலில் முதலாவதாக இருந்த ஹோட்டல் பல நேரம் மூன்றாவதாகிவிடும்.

அதற்காக வெளியே தங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வாடகைக் கார் எப்படியும் எடுக்கப் போகிறீர்கள் என்றால், லேக் புவனா விஸ்டா பக்கத்திலோ மேற்கே ஃப்ளமிங்கோ கிராசிங்ஸிலோ முழு சமையலறை உள்ள அறை பார். ஹோம்வுட் சூட்ஸ், ரெசிடென்ஸ் இன் மாதிரி ஹோட்டல்களில் காலை உணவும் வாடகையோடு சேர்ந்தே வரும். ஐந்து பேரின் காலைச் சாப்பாடு தினமும் மிச்சமாவது சின்னக் காசில்லை. கட்டிக்கொண்டு போகிற சாப்பாட்டைப் பூங்காவுக்குள் அனுமதிக்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரம் கூடாது. மாத்திரைக்கு நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய அத்தைக்கு இது பெரிய நிம்மதி. இன்டர்நேஷனல் டிரைவ் பக்கம் விலை குறைவாகத் தெரியும். ஆனால் அது யுனிவர்சல் என்ற வேறு கம்பெனிப் பூங்காவுக்குத்தான் கிட்ட. டிஸ்னிக்கு ஐ-4 நெடுஞ்சாலையில் போக வேண்டும், அந்த நெரிசலை நம்பி மத்தியானத் தூக்கத்துக்குத் திட்டம் போட முடியாது.

தேதியைப் பற்றியும் யோசி. உங்கள் பக்கம் பள்ளி செப்டம்பரில்தானே திறக்கிறது? இங்கே ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுகிறது. அதனால் ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரம் கூட்டமும் இறங்கும், அறை வாடகையும் இறங்கும். வெயிலும் மழையும் இருக்கும், புயல் காலமும் அதுதான். அதனால் அறையை மட்டும் தனியாகப் பதிவு செய். டிக்கெட்டோடு சேர்ந்த பாக்கேஜைக் காசு பிடிக்காமல் ரத்து செய்ய முப்பது நாள் முன்னதாகவே சொல்லியாக வேண்டும். அறை மட்டும் என்றால் விதி அவ்வளவு கடுமையில்லை.

நீ முதல் இரண்டு தேதி எழுது. பாப் செஞ்சுரி இரட்டை அறை, லேக் புவனா விஸ்டாவில் சமையலறையோடு ஒரு அறை, இரண்டுக்கும் மொத்தச் செலவை நான் இங்கே உட்கார்ந்து போட்டு அனுப்புகிறேன். பூங்காக்களை முடித்துவிட்டு எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்காமல் போனால் நான் பேசமாட்டேன், உன் வீட்டுக்காரரிடமும் சொல்லிவை. அத்தையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

என்றும் அன்புடன்,
உன் தோழி