ஒரு சுபேதாரைப் பற்றிய நான்கு வரிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் என் தந்தையாரின் மறைவு குறித்து நான்கு வரிச் செய்தி வெளியாகியிருந்தது. அடக்கம் முடிந்த மறுநாளே வெளியிட்டதற்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆனால் அந்தச் செய்தியை என் தாயாருக்குப் படித்துக் காட்ட மனம் வராமல் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். "ராணுவத்தில் கட்டுமானப் பிரிவில் பணியாற்றி, பின்னர் வங்கிக் காவலாளியாக இருந்த 78 வயது முதியவர்" என்று எழுதியிருந்தீர்கள்.

என் தந்தையாருக்கு வயது 85. அவர் 1959இல், தம் 19ஆம் வயதில், பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மையத்தில் மெட்ராஸ் சாப்பராக, அதாவது ராணுவப் பொறியாளர் படை வீரராக, சேர்ந்தார். தங்கள் கணக்குப்படி பார்த்தால் அப்போது அவர் 12 வயதுச் சிறுவன். தங்கள் நிருபர் கேட்டுக்கொண்டதால், பிறந்த ஆண்டு, சேர்ந்த ஆண்டு, ரெஜிமெண்ட், பதவி, பதக்கங்கள் அனைத்தையும் ஒரு முழுப் பக்கத்தில் என் கையால் எழுதிக் கொடுத்தேன். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள் என்பதால், எழுத்து புரியவில்லை என்று சொல்ல இடமிருக்காது என்று நம்புகிறேன்.

மெட்ராஸ் சாப்பர்ஸ் 1780இல் தோன்றிய படை என்பதும், அதன் வீரர்களை ராணுவம் முழுவதும் 'தம்பி' என்று அன்போடு அழைக்கும் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. பாலம் அமைப்பதும் சாலை போடுவதும் அவர்களுடைய வேலைகள்தாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாலம் அமைப்பது எதிரியின் பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும் ஆற்றின் மேல். சாலை போடுவது காலாட்படையும் டாங்கிகளும் இன்னும் போகாத நிலத்தில். 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரில், மேற்கு எல்லைக்கு அப்பால் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றை இரவில் கடந்தபோது, எதிரி புதைத்திருந்த கண்ணிவெடிகளுக்கு நடுவே டாங்கிகளுக்குப் பாதை திறந்து கொடுத்தது 9ஆவது பொறியாளர் ரெஜிமெண்ட். அதன் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்தப் போரில் உயிர் நீத்தார். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. பாதை முழுவதும் திறக்கப்படுவதற்கு முன்பே, பூனா ஹார்ஸ் என்ற படைப்பிரிவின் டாங்கிகள் கண்ணிவெடி வயலுக்குள் இறங்கிச் சென்றன. அந்தப் படைப்பிரிவின் 21 வயது அதிகாரி அருண் கேத்ரபால் பரம்வீர் சக்கரத்துக்கு உரியவரானது அந்தக் களத்தில்தான். என் தந்தையார் அங்கே ஹவில்தாராக இருந்தார்.

அந்த இரவைப் பற்றி அவர் எங்களிடம் அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு முறை, நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, களத்து மேட்டில் குவித்திருந்த உமிக்குள் ஒரு தட்டைக் கவிழ்த்துப் புதைத்துவிட்டு, கோணி ஊசியை என் கையில் கொடுத்துத் தேடச் சொன்னார். நான் நேராகக் குத்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்து, "படுத்துக்கிட்டு, சாய்வாத்தாம்மா குத்தணும், நேரா குத்தினா ஊசி அதன் தலையிலதான் இறங்கும்" என்றார். வெடியின் பக்கவாட்டில் ஊசி தட்ட வேண்டும், மேல்தட்டில் அழுத்தம் விழக்கூடாது என்பதைப் பின்னாளில்தான் நானாகப் புரிந்துகொண்டேன். டிசம்பர்க் குளிரில், இருட்டில், வயிறு மண்ணில் பதியப் படுத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தவரைத்தான் தாங்கள் கட்டுமானப் பிரிவில் சேர்த்திருக்கிறீர்கள்.

ஆசிரியர் அவர்களே, இந்த மனக்குறை இன்று புதிதாக முளைத்ததல்ல. ஒவ்வொரு டிசம்பர் 16ஆம் நாளும் தங்கள் இதழில் டாக்கா சரணடைவும் 93,000 கைதிகளும் இடம்பெறுகின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் மேற்கு எல்லையில் போரிட்டவர்களைப் பற்றி ஒரு பத்தி வருமா என்று என் தந்தையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடுவதை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியலோடு நிற்கும் அதிகாரிகளின் படம் மட்டும் தவறாமல் வந்துவிடும். ஒரு சுதந்திர தின விழாவுக்கு அழைத்து, மேற்கு எல்லையில் போரிட்டவர்களுக்கான பஸ்சிமி ஸ்டார் பதக்கத்தை மார்பில் அணிந்து வந்த அவரைப் பந்தலுக்கு வெளியே வெயிலில் உட்கார வைத்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத்தான் ஆறவில்லை. நடக்க முடியாமல் போன பிறகும், நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்றுக்காக, நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றி அழைத்துச் சென்றோம். வீட்டிலிருந்தே அதைக் கொடுக்க வழி இருக்கிறது என்று அந்த அலுவலகத்தில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

வங்கிக் காவலாளி என்று எழுதியதில் எனக்கு வருத்தமே இல்லை. 1983இல் சுபேதாராக ஓய்வு பெற்று வந்தவர், நான்கு பிள்ளைகளின் படிப்புக்காகப் பதினான்கு ஆண்டுகள் இரவுக் காவல் பார்த்தார். விடியற்காலையில் வீடு திரும்பி, தூங்கப் போவதற்கு முன் எனக்கும் என் தங்கைக்கும் தலை வாரிப் பின்னிவிடுவார். பட்டாளத்து ஒழுங்கு பின்னலிலும் தெரியும். எல்லையில் இருந்த காலத்தில் வாரம் ஒரு இன்லேண்ட் கடிதம் தவறாமல் வரும். மடிப்பின் ஓரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு வரி இருக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் தாயார் பக்கவாதத்தில் விழுந்தபோது, ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொன்னதை மறுத்து, தம் 79ஆம் வயதில் அவருக்குக் கஞ்சி ஊட்டக் கற்றுக்கொண்டார். கை நடுக்கம் வந்த பிறகும் கரண்டியை வேறொருவரிடம் கொடுக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவர் விட்டுச் சென்றது, பெயரும் எண்ணும் வெள்ளை வண்ணத்தில் எழுதிய ஒரு கறுப்புத் தகரப் பெட்டியும் அந்தக் கடிதங்களும்தான்.

நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் வரும் வெள்ளிக்கிழமை நடைபெறுகிறது. அதற்குள், அதே மாவட்டப் பக்கத்தில், "சுபேதார், மெட்ராஸ் சாப்பர்ஸ், வயது 85" என்ற திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன். "பேப்பர்ல அப்பாவைப் பத்தி வந்துச்சா?" என்று என் தாயார் தினமும் காலையில் கேட்கிறார். இன்னும் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வேலூர் மாவட்டம்.